நோய்க்காலத்தில் கைகொடுக்கும் சிறு ஆர்வங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. என்ன சாப்பிடலாம்? மாத்திரையை எத்தனை நாள் போட வேண்டும்? மறுபடி எப்போது வர வேண்டும்? மூன்றும் அவசியமான கேள்விகளே. ஆனால் வீட்டுக்குப் போன இரண்டாம் வாரத்தில் நான்காவது கேள்வி ஒன்று எழுகிறது. அதை எங்களிடம் கேட்போர் மிகச் சிலரே. "விடிந்தது முதல் படுக்கும் வரை இனி நான் என்ன செய்வது?" என்பதே அக்கேள்வி.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நம்மிடம் வருவோரில் பலர் உழைப்பையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். கரும்பு வெட்டியவர், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர், கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டவர், நான்கு வீட்டு மாடுகளை ஒருவராகவே மேய்த்தவர் என்று அவர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். மாரடைப்போ, பக்கவாதமோ, சிறுநீரகச் செயலிழப்போ வந்தவுடன் அந்த வேலை ஒரே நாளில் நின்றுவிடுகிறது. வேலை நிற்கும்போது கூலி மட்டும் நிற்பதில்லை. அதனோடு வந்த பேச்சும், தோழமையும், "நான் இல்லாவிட்டால் இது நடக்காது" என்னும் மதிப்பும் நின்றுவிடுகின்றன. இந்த வெற்றிடத்தைச் சிறிய ஆர்வங்களைக் கொண்டு எவ்வாறு நிரப்பலாம் என்பதே இந்த இதழின் பாடம்.

"சும்மா உட்காருங்கள்" என்னும் அன்பு

நோயாளியைக் காக்கும் குடும்பங்கள் அன்பினால் செய்யும் செயல் ஒன்று உண்டு. "அப்பா, நீங்கள் சும்மா உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த வேலைகள் அனைத்தையும் வாங்கிவிடுவார்கள். முதல் சில நாட்களுக்கு இது தேவை. உடலுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்த ஓய்வு மாதக்கணக்கில் நீளும்போது அதுவே வேறொரு நோய்க்கு வழிவிடுகிறது.

அது வரும் வழியைச் சற்று விளக்குவோம். ஒருவர் ஒரு செயலைச் செய்து முடிக்கும்போது மனத்தில் சிறு நிறைவு உண்டாகிறது. பால் கறந்து முடித்த நிறைவு, களம் பெருக்கி முடித்த நிறைவு, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட நிறைவு என்று ஒரு நாளில் இவ்வாறு எத்தனையோ கிடைக்கும். செயல்கள் குறைந்தால் இந்த நிறைவுகளும் குறையும். நிறைவு குறைந்தால் மனம் சோரும். சோர்ந்த மனம் எழுந்திருக்கவே விரும்பாது. ஆகவே செயல் மேலும் குறையும். சக்கரம் இவ்வாறு கீழ்நோக்கிச் சுழலத் தொடங்கிய பிறகு, மருந்தை வேளைக்கு உண்பதும், உடற்பயிற்சி செய்வதும், மறு பரிசோதனைக்கு வருவதும்கூட நோயாளிக்குச் சுமையாகத் தோன்றும். அப்போது உறவினர்கள், "அவருக்கு எதிலும் பிடிப்பே இல்லை, டாக்டர்" என்று எங்களிடம் வருந்துகின்றனர். பிடித்துக்கொள்ள அவர் கையில் எதுவும் விட்டுவைக்கப்படவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் வருவது ஆர்வமா, செயலா?

"மனம் சரியானால் எதையாவது செய்வேன்" என்று பலர் சொல்வார்கள். இயல்பாகத் தோன்றும் இந்த எண்ணத்தை மனநல மருத்துவம் மாற்றிச் சொல்கிறது. மனம் சரியாகும்வரை காத்திராமல் சிறிதளவு செய்யத் தொடங்கினால் மனமும் மெல்லத் தேறும் என்பது அதன் கண்டறிவு. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இவ்வழியை வகுத்தார். மனச்சோர்வுற்றவர் தம் நாளைத் திட்டமிட்டு, சிறு சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்து, செய்தபின் மனநிலை எப்படி இருந்தது என்று கவனித்து வருவதே இம்முறை. இதைச் செயலூக்கச் சிகிச்சை என்று சொல்லலாம்.

இது பெருநகர மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலேயே கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது ஆராயப்பட்டது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இம்முறையைக் கற்பித்தனர். கடுமையான மனச்சோர்வுடைய 495 பேர் இந்த ஆய்வில் பங்கேற்றனர். மூன்று மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தனர். இம்முறையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் மீண்டிருந்தனர். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் இம்முடிவு வெளிவந்தது.

2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்தது. தோட்டம், கைவேலை, படிப்பு, விளையாட்டு என ஏதேனும் ஓர் ஈடுபாடு உடையவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், வாழ்வைப் பற்றிய மனநிறைவு கூடுதலாகவும் காணப்பட்டன. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டுகின்றன. ஈடுபாடு ஒன்றே காரணம் என்று அவற்றைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும், அவை காட்டும் திசை நாங்கள் அன்றாடம் காண்பதோடு ஒத்திருக்கிறது.

ஒரு தீவில் எழுந்த இசை

நோய் மிகக் கடுமையானதாக இருந்தால் இதெல்லாம் இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஜப்பான் நாட்டின் நாகாஷிமா என்னும் தீவைப் பற்றிச் சொல்வோம். தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து அடைத்து வைக்கும் சட்டம் அந்நாட்டில் 1996 வரை இருந்தது. அது கொடுமையான சட்டம். இன்று கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும் நோய் அது. அத்தீவின் விடுதியில், நோயினால் பார்வை இழந்தவர்கள் சிலர் கூடி 1953-இல் ஹார்மோனிகா வாசிக்கும் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பார்வை இழந்தோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து உண்டல்லவா? இவர்களுக்கு விரல் நுனியிலும் உணர்வு போய்விட்டிருந்தது. ஆகவே அவர்களில் சிலர் உதட்டாலும் நாவாலும் பிரெயிலைத் தடவிப் படித்தார்கள்.

அந்த விடுதியில் பணியாற்றிய மனநல மருத்துவர் மியெகோ காமியா, ஒரே நோய், ஒரே கூரை, ஒரே உணவு என்றிருக்கும்போது சிலர் மட்டும் வெறுமையில் வாடுவதும், வேறு சிலர் பொருளோடு வாழ்வதும் ஏன் என்னும் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1966-இல் நூலாக எழுதினார். ஜப்பானியர் 'இக்கிகாய்' என்று சொல்லும் 'வாழ்வதற்கான பிடிப்பு' குறித்த முன்னோடி நூல் அது. காலையில் எழுந்ததும் "இன்று இது ஒன்று இருக்கிறது" என்று மனம் சொல்லக்கூடிய ஏதோ ஒன்றுதான் பிடிப்பு. ஒரு பாட்டின் அடுத்த வரியைப் பழகுவதும் அந்த ஒன்றாக இருக்கலாம்.

நம் ஊரின் உளியும் விதையும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளின் மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சிற்பம் உருவாகும் வழியைக் கவனித்தால் நமக்குத் தேவையான பாடம் அதிலேயே இருக்கிறது. மரத்தை அளந்து அறுப்பது, வரைவது, கொட்டாப்புளியும் பெரிய உளியும் கொண்டு வேண்டாததைக் கழிப்பது, சிற்றுளியால் நகையும் மடிப்பும் செதுக்குவது, உப்புத்தாள் போட்டு மழமழப்பாக்குவது, மெருகு ஏற்றுவது என்று அது பல படிகளாக நடக்கிறது. எல்லாப் படிகளையும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதில்லை. பல கைகள் பகிர்ந்துகொள்ளக்கூடிய வேலை அது.

நோயாளியின் வேலையையும் இவ்வாறே படிகளாகப் பிரித்துப் பாருங்கள். நெஞ்சுவலி வந்த சிற்பிக்குப் பெரிய உளியின் வேலை ஆகாது என்றால், வரைவதும் சிறு நகாசும் அவருக்கு ஆகலாம். நிலத்தில் குனிய முடியாத விவசாயிக்கு விதை பொறுக்குவதும், நாற்றங்காலைப் பார்வையிட்டு மகனுக்கு யோசனை சொல்வதும் ஆகலாம். மலையேற முடியாத கல்வராயன் மலைப் பாட்டிக்கு எந்தக் கடுக்காய் முற்றியது, எந்தச் சாமை விதைக்கு உகந்தது என்பது தெரியும். முறத்தை அவர் மடியில் வைத்து, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். பத்துப் படிகளில் எட்டு போய்விட்டாலும் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டையும் குடும்பம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

இதில் மருத்துவப் பயனும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் விரல்கள் தேற மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது அவசியம். வேர்க்கடலை உரிப்பது, புளியில் கொட்டை எடுப்பது, பூத் தொடுப்பது, பல்லாங்குழி ஆடுவது ஆகியவை விரலுக்குப் பயிற்சியாகவும் வீட்டுக்குப் பயனாகவும் அமையும். குந்தி உட்கார முடியாத அம்மாவிடம் ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் கொடுத்தால், புள்ளி வைத்து மறுநாள் கோலத்தை வரைந்து காட்டுவார். மருமகள் அதைப் பார்த்து வாசலில் போடலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கட்டிலில் இருக்க நேரிடுகிறது. அந்த நேரத்தைப் பழைய பாடல்களைக் கேட்பதற்கோ, தெருக்கூத்தில் பாடியவராயின் பாட்டுகளைப் பேரனின் கைப்பேசியில் பதிவு செய்வதற்கோ அவர் ஒதுக்கிக்கொள்ளலாம்.

மாலை ஆறு மணி

குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு இப்பாடம் இன்னும் முக்கியம். 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. மெத்தனால் கண் நரம்பைத் தாக்குவதால், உயிர் பிழைத்தவர்களுக்கும் பார்வைக் குறை ஏற்படக்கூடும்.

குடியை விட்டவர்கள் எங்களிடம் சொல்வது ஒன்று: பகல் எப்படியோ போய்விடுகிறது, வேலை முடிந்த அந்த மாலை நேரம்தான் போக மறுக்கிறது. உடல் அலுப்பும், கூடிப் பேசும் ஆசையும், "இன்றைக்கு எனக்கென்று ஏதாவது வேண்டும்" என்னும் ஏக்கமும் ஒன்று சேரும் நேரம் அது. அந்த ஏக்கம் தவறன்று. அதற்குக் கிடைத்த விடைதான் தவறு. ஆகவே மாலை ஆறு மணிக்கென்று முன்கூட்டியே ஒரு வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளோடு கைப்பந்து ஆடலாம், ஆட்டுக்குத் தழை கொண்டு வரலாம், கோயில் பஜனையில் சேரலாம், நூலகத்தில் செய்தித்தாள் படிக்கலாம். எதுவாயினும், பழைய கூட்டாளிகள் கூடும் வழியில் அது இல்லாதிருப்பது நல்லது. ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாகவே நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

பராமரிப்பவரின் பங்கு எது?

நோயாளியின் கட்டிலுக்கு அருகே ஒருவர் எப்போதும் இருக்கிறார். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோ இருக்கிறார். நோயாளிக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் கேட்டால் உடனே சொல்வார். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் சற்றுத் திகைப்பார். தம் தையலையும், பூச்செடியையும், வெள்ளிக்கிழமைக் கோயிலையும் அவர் எப்போது விட்டார் என்பது அவருக்கே நினைவிராது.

பராமரிப்பவர் தமக்கென்று ஒரு நாளில் 15 நிமிடம் ஒதுக்குவது தன்னலம் ஆகாது. ஓராண்டோ, ஈராண்டோ தொடர வேண்டிய பணியில், பணி செய்பவர் உடைந்துவிடாமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வீட்டிலுள்ள மற்றவர்கள் இதைச் சொல்லால் பாராட்டினால் போதாது. "அண்ணி, நீங்கள் போய் வாருங்கள், இந்த ஒரு மணி நேரம் நான் அண்ணன் பக்கத்தில் இருக்கிறேன்" என்று யாரேனும் ஒருவர் வந்து அமர வேண்டும்.

வேலைக்குள்ளேயே இருக்கும் ஆர்வம்

ஆர்வம் என்பது வேலை முடிந்த பிறகு தேடுவது மட்டும் அன்று. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினர். ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் அதைத் தரை துடைப்பதாக மட்டும் கண்டனர். வேறு சிலர் நோயாளிகளிடம் இரண்டு வார்த்தை பேசி, செவிலியரின் வேலைக்கு இடையூறு வராத நேரம் பார்த்துத் தம் வேலையை அமைத்துக்கொண்டு, நோயாளி குணமடைவதில் தமக்கும் பங்குண்டு என்று கண்டனர். இரண்டாம் வகையினருக்கே வேலையில் நிறைவு மிகுதி.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். ஒரு நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில், முகங்கள் எண்களாக மாறிவிடும் அபாயம் உண்டு. வெள்ளிமலையிலிருந்து வருபவரிடம் மழை எப்படி என்று கேட்பதும், சின்னசேலத்துச் சிற்பியிடம் இப்போது என்ன உருவம் செதுக்குகிறார் என்று கேட்பதும் அரை நிமிட வேலைதான். ஆனால் அந்த அரை நிமிடம் எங்கள் நாளைத் தாங்குகிறது. அதோடு, அவர் இயல்பாக என்ன செய்யக்கூடியவர் என்பதையும் அது எங்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே அடுத்த முறை வரும்போது, நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எப்படித் தொடங்குவது?

1. நோய்க்கு முன் நீங்கள் விரும்பிச் செய்த மூன்று செயல்களை எழுதுங்கள். எழுத இயலாதவர் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

2. அவற்றில் ஒன்றை எடுத்து, மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள். தோட்டம் இயலாவிட்டால் ஒரு தொட்டி. தொட்டியும் இயலாவிட்டால் ஒரு தம்ளரில் ஊறவைத்த வெந்தயம் முளைப்பதைப் பார்ப்பது.

3. நேரம் குறியுங்கள். "முடிந்தபோது" என்பது வேண்டாம். "காலைக் காப்பிக்குப் பின் பத்து நிமிடம்" என்பது நல்லது.

4. மனம் வராத நாளிலும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். அதன்பின் நிறுத்திவிடலாம். ஆனால் தொடங்காமல் விடாதீர்கள்.

5. முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையோ, பக்கத்து வீட்டாரோ எதிர்பார்த்திருந்தால் நாள் தவறாது.

6. விற்கவோ, பிறர் மெச்சவோ செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கோணலான கோலமும் கோலமே.

நோய்க்கேற்ற கவனமும் வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் செருப்பின்றித் தோட்டத்தில் இறங்கக் கூடாது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்கள் அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. வீட்டில் கீரை வளர்க்கலாம், ஆயினும் எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உடையவர்கள் மரத்தூள், பஞ்சு, தவிடு பறக்கும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். இதய நோயாளிகள் எவ்வளவு உழைக்கலாம் என்பதை மறு பரிசோதனையின்போது தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்வம் மட்டும் போதாத நேரம்

முன்பு பிடித்த எதிலும் மகிழ்ச்சி இல்லாமை, நாள் முழுவதும் நீடிக்கும் துயரம், தூக்கமும் பசியும் மாறுதல், தம்மை வீணர் என்று எண்ணுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்" என்னும் அறிவுரை உதவாது. நெஞ்சுவலிக்குச் சிகிச்சை இருப்பது போலவே இதற்கும் சிகிச்சை உண்டு. எங்களிடம் சொல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

நோய் நம்மிடமிருந்து பலவற்றை எடுத்துக்கொள்கிறது. சிலவற்றை மருந்தால் மீட்டுத் தர எங்களால் இயலும். சிலவற்றை இயலாது. ஆனால் எஞ்சியிருக்கும் இரண்டு படி வேலையைக் கண்டுபிடித்து நோயாளியின் கையில் திரும்பக் கொடுப்பது உங்கள் வீட்டிலேயே, செலவின்றி, இன்றே செய்யக்கூடியது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு இதற்கான விடையையும் கொண்டு வாருங்கள்: இந்த வாரம் உங்கள் கை எதைத் தேடிச் சென்றது?